மெதுவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள்

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவமனையில் என் கையில் நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். இனி எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. சின்னக் கரண்டியால்தான் எடுக்க வேண்டும். ஒரு வாய் என்பது சுண்டுவிரல் நகத்தின் அளவு. ஒவ்வொரு வாயையும் இருபது முப்பது முறை மெல்ல வேண்டும். விழுங்கியபின் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இருபதிலிருந்து முப்பது நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். வரிவரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டிய உணவியல் நிபுணர் இளம்பெண். "இதுவரைக்கும் ரொம்ப வேகமாச் சாப்பிட்டுப் பழகிட்டீங்க மேடம். இனிமே மெதுவாச் சாப்பிடக் கத்துக்கணும்" என்றார்.

தலையாட்டினேன். பக்கத்தில் என் இணையர் நின்றிருந்தார். அவரிடம் அந்தத் தாளை யாரும் கொடுக்கவில்லை. அவருக்கென்று ஒரு வரியும் அதில் இல்லை. நாற்பத்து நான்கு வயதுவரை நான் ஏன் வேகமாகச் சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

எனக்குச் செய்தது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. வயிற்றில் சில துளைகள் போட்டு, ஸ்டேப்ளர் கருவியால் இரைப்பையை நெடுக்காகத் தைத்து வெட்டி, அதில் எழுபத்தைந்து முதல் எண்பது விழுக்காட்டை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைக்காய் வடிவத்தில் ஒரு குழாய். முதல் மாதங்களில் ஒரு டீ கிளாஸ் கொள்ளளவுகூட அதற்குத் தேறாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது வெட்டியெடுத்த அந்தப் பகுதியில்தான் என்பதால் பசியும் பெருமளவு அடங்கிவிடுகிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடமாவது ஆகும். அதற்குள் அவசரமாக உள்ளே தள்ளினால் உணவு குழாயில் அடைத்து நிற்கும். நெஞ்சு நடுவில் கல் வைத்தாற்போல் வலிக்கும். வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். வாந்தி எடுத்தால்தான் ஆறும்.

ஆகவே மெதுவாகச் சாப்பிடச் சொல்வது நியாயமான மருத்துவ அறிவுரை. அதில் எனக்குச் சண்டை இல்லை. வேகத்தை என் தனிப்பட்ட கெட்ட பழக்கம் என்று எழுதிவைத்தார்களே, அதில்தான் சண்டை.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மா பீடி சுற்றினாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மடியில் பீடித் தட்டு இல்லாமல் அவளை நான் பார்த்தது அடுப்பு முன்னால் மட்டும்தான். எல்லாரும் சாப்பிட்டானபின் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, குத்தவைத்து நாலு உருண்டையாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவாள். "மெதுவாத் தின்னும்மா" என்று ஒருநாள் சொன்னேன். "சோறு திங்கிற நேரத்துல இருவது பீடி சுத்திருவேன் ஏட்டி" என்றாள். அவளுடைய ஒரு வாய்ச் சோற்றுக்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில்தான் நான் வளர்ந்தேன்.

பிறகு நான் படித்தேன், முனைவர் ஆனேன், கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பிடும் வேகம் மட்டும் அப்படியே இருந்தது. காலையில் ஆளுக்கு ஒன்றாகச் சூடான தோசை கல்லிலிருந்து தட்டுக்குப் போகும். பிய்ந்ததும் கருகியதும் எனக்கு. அதையும் நின்றுகொண்டே, திருப்பிப் போடும் இடைவெளியில் கிள்ளிக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். பிள்ளைகள் மிச்சம் வைத்த அரை இட்லியை வீணாகிறதே என்று தின்பேன். கல்லூரியில் மதிய இடைவேளை முக்கால் மணி நேரம். அதில் மாணவர் குறை, துறைத் தலைவர் அழைப்பு, கழிப்பறை வரிசை போக டிபன் பாக்ஸுக்கு எட்டு நிமிடம். இரவில் பாத்திரம் ஒழித்துப்போட்டபின் சாப்பாடு. நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு வாய் தின்னாத உடம்பு அப்போதுதான் பசி என்கிற சங்கதியை நினைத்துப் பார்க்கும். எவ்வளவு தின்றேன் என்று எனக்கே தெரியாது. வேகமாகத் தின்றவளுக்கு நிறைந்த செய்தி எப்போதும் தாமதமாகத்தான் வரும்.

இப்படித்தான் ஏறியது எடை. சர்க்கரை வந்தது, இரத்த அழுத்தம் வந்தது. முழங்கால் தேய்ந்து வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாமல் போனது. பரம்பரையும் உண்டு, இனிப்பு ஆசையும் உண்டு. மறைக்க எனக்கு எதுவும் இல்லை. ஆனால் என் உடம்பில் எடையாக ஏறியதில் ஒரு பங்கு, எனக்குக் கிடைக்காத நேரம்.

நான் ஒருத்தி மட்டும் அப்படியில்லை. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். நம் பெண்கள் தின்று கொழுத்துப் போயிருந்தால் இரத்தம் ஏன் இல்லை? வயிறு நிரப்பப்படுகிறது, உடம்பு ஊட்டப்படவில்லை. கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குச் சோறும் குழம்பின் அடியும் மிஞ்சும். கீரையும் முட்டையும் மீனும் மிஞ்சாது.

நேரக் கணக்கும் அரசிடமே இருக்கிறது. இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது: கூலியில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள்: பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களும் அதே பொழுதில் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். என் தாளில் எழுதியிருந்த வேளைக்கு அரை மணி நேரம், மூன்று வேளைக்கு ஒன்றரை மணி நேரம், இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது?

அறுவைக்குப்பின் முதல் ஆறு வாரம் எனக்கு அந்த நேரம் கிடைத்தது. நோயாளி அல்லவா! இரண்டு வாரம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், இளநீர். பிறகு கரைத்த கூழ், குழைத்த இட்லி. என் இணையர் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தார். மாமியார் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். மகள் மாத்திரை எடுத்துத் தந்தாள். சன்னலோரம் உட்கார்ந்து ஒரு கிண்ணம் கூழை முப்பது நிமிடம் குடித்தேன். நாற்பத்து நான்கு ஆண்டில் முதல்முறையாக உளுந்தின் ருசி எனக்கு நாக்கின் எந்தப் பக்கத்தில் தெரிகிறது என்று கண்டுகொண்டேன். சிரிக்காதீர்கள், அன்று எனக்கு அழுகை வந்தது.

மருத்துவ விடுப்பு முடிந்தது. "இப்ப நல்லாயிட்டேல்ல" என்றார்கள். நல்லாகிவிட்டதால் அடுப்பு என்னிடம் திரும்பி வந்தது. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. நோய் என்பது விடுப்பு. விடுப்பு முடிந்தால் வேலைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நோயாளியாக இருந்தால் மட்டுமே உட்கார்ந்து சாப்பிட உரிமை உள்ளவளுக்குக் குணமாவது என்பது தண்டனை அல்லாமல் வேறென்ன?

மூன்றாம் மாதத்தில் அது நடந்தது. காலை ஏழேமுக்கால், எட்டு மணிப் பேருந்து. அடுப்பு முன்னால் நின்றபடி அரை இட்லியை நாலு வாயில் விழுங்கினேன். பேருந்து நிறுத்தம் போவதற்குள் நெஞ்சில் கல் ஏறிவிட்டது. முதல் வகுப்பு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு ஆசிரியர் கழிப்பறைக்கு ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த நான்கு பக்கத் தாள்தான் நினைவுக்கு வந்தது. என் வயிற்றை மாற்றிவிட்டார்கள். என் காலை நேரத்தை யாரும் மாற்றவில்லை.

நான் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி நடத்திய பாடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. மதுரையில் மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். கணவனின் காலைக் கழுவி, தரையில் நீர் தெளித்து, வாழையிலை விரித்து, உண்ண அழைக்கிறாள். அவன் உண்கிறான். வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு சாகப் போகிறான். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பகுதியை நடத்துகிறேன். இலையின் குருத்தைப் பற்றியும் அவள் கைப்பக்குவத்தைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது: கண்ணகி சாப்பிட்டாளா? இளங்கோ சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றாக அது அவருக்குப் படவில்லை. பதினெட்டு ஆண்டாக எனக்கும்தான் படவில்லை.

பெண்ணின் பசியைத் தமிழ் சொல்லாமல் இல்லை. எப்படிச் சொன்னது என்று பாருங்கள். மணிமேகலையில் காயசண்டிகை என்றொரு வித்தியாதரப் பெண். முனிவர் உண்ண வைத்திருந்த நாவற்பழத்தைக் காலால் சிதைத்துவிட்டாள். அதற்குச் சாபம், எவ்வளவு தின்றாலும் அடங்காத யானைத்தீ என்னும் பசிநோய், பன்னிரண்டு ஆண்டுக்கு. காப்பியங்களில் பெரும்பசிக்காரி என்று என் நினைவில் நிற்பவள் இவள் ஒருத்திதான், அவளும் சபிக்கப்பட்டவள். அந்தப் பசியை ஆற்றியது இன்னொரு பெண் அமுதசுரபியிலிருந்து இட்ட சோறு என்பது வேறு கதை. ஒளவையின் கொன்றை வேந்தனோ சுற்றி வளைக்கவே இல்லை: பெண்களுக்கு அழகு உணவைக் குறைத்துக்கொள்வது என்று நேராகச் சொல்லிவிட்டது. நாம் அதைச் சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். குறைத்துத் தின்பது அழகு என்றது நீதிநூல். கடைசியில் தின்பது கடமை என்றது குடும்பம். இரண்டையும் விரைந்து முடி என்றது வேலை.

என் தோழி ஒருத்தி கேட்டாள்: "ஒளவை சொன்னதை ஸ்டேப்ளர் வச்சு செஞ்சுகிட்டுப் பெண்ணியம் பேசறியே?" சுருக்கென்றது. கேள்வியில் நியாயம் உண்டு. உலக அளவில் இந்த அறுவைக்குப் போகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஆண்களுக்குத் தொப்பை இல்லாமலா? ஆணின் தொப்பை அந்தஸ்து. பெண்ணின் இடுப்பு குற்றம். 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம் போட்டு விளம்பரம் செய்கிறார்களே, இரண்டிலும் நிற்பது பெரும்பாலும் பெண்தான். அழகாக வேண்டும் என்கிற ஆசை எனக்கும் ஒரு ஓரத்தில் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறுகிறேன். என் உடம்பின் நலத்துக்காக நான் எடுத்த முடிவு இது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. 'நடந்தாலே குறைந்திருக்குமே, எதற்குக் குறுக்குவழி' என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை, நான்காம் மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிரும் முடி, ஒவ்வொரு வாயிலும் எச்சரிக்கை. இதற்குப் பெயர் குறுக்குவழி என்றால் நேர்வழி எதுவென்று நீங்களே நடந்து காட்டுங்கள்.

"சமையலுக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்" என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அக்காவின் காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கு, மூன்றாவது வீட்டுப் பின்வாசலில், நின்றுகொண்டு. அதிலும் ஒரு வீட்டில் அவருக்கென்று தனித் தட்டு. ஏன் தனி என்று உங்களுக்கும் தெரியும். என் அரை மணி நேரத்தை அவருடைய அரை மணி நேரத்திலிருந்து வாங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் விடுதலையா? கூலி கொடுத்து அவசரத்தை இன்னொருத்தியின் தலையில் மாற்றிவைப்பதற்கு நான் ஏன் கட்டுரை எழுத வேண்டும்?

வேறு வழி இருக்கிறது. அடுப்பு வீட்டை விட்டு வெளியே வந்து பொதுவானபோதெல்லாம் பெண்களின் கையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியிருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது சத்தான உணவு என்று பேசினார்கள். விடியலில் வேலைக்கு ஓடும் அம்மாக்களுக்கு அது அரை மணி நேரம் என்று நான் சொல்வேன். அங்கே சமைக்கிறவர்களும் பெண்கள்தான் என்பதால் அவர்களுக்குக் கௌரவமான ஊதியம் கேட்பதும் இதே போராட்டம். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று 2018இல் கேரளத்திலும் 2021இல் தமிழ்நாட்டிலும் சட்டத் திருத்தம் வந்தது. உட்கார்வதற்கே சட்டம் தேவைப்பட்ட நாடு இது. உட்கார்ந்து சாப்பிடுவதற்கு? வீட்டுக்குள் எந்தச் சட்டம் நாற்காலி போடும்?

வீட்டுக்குள் நாம்தான் போட வேண்டும். கழிப்பறையில் சுவரைப் பிடித்து நின்ற அன்று இரவு எங்கள் வீட்டில் பேசினேன். இனி காலையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம், தோசை முன்கூட்டியே வார்த்து ஹாட் பாக்ஸில் இருக்கும் என்றேன். "ஆறிப்போன தோசையை எப்படித் திங்க?" என்றார் என் இணையர். இருபது வருடமாக நான் தின்றது அதைத்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சூடாக வேண்டும் என்றால் முறை வைத்து வார்ப்போம் என்று முடிவானது. பதினைந்து வயது மகன் கல்லில் மாவை ஊற்றி முதல் வாரம் இந்திய வரைபடம் போட்டான். இணையரின் தோசை கனம். இட்லியா தோசையா என்று மகள் கேட்பாள். ஒரு நல்ல குடும்பக் கதையாக இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. வாரத்தில் இரண்டு நாள் இன்னும் முறை தவறுகிறது, சண்டை வருகிறது. அந்த நாட்களில் என் நெஞ்சில் கல் ஏறுகிறது. என் உடம்பே இப்போது இந்த வீட்டின் நேர்மையை அளக்கும் கருவியாகிவிட்டது.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பதினேழு. நான் படுத்திருந்த ஆறு வாரத்தில் ஒரு காலை சன்னலோரத்திலிருந்து பார்த்தேன். அடுப்பு முன்னால் கையில் தட்டோடு நின்று, பாட்டிக்குத் தோசை எடுத்துக் கொடுத்துக்கொண்டே தன் தோசையை விழுங்கிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி உட்கார்ந்திருந்தான். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. பீடித் தட்டு கைமாறிக்கொண்டே வந்து அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது, அதைக் கொடுத்த கை என்னுடையது.

என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. முறைவைத்துச் சமைக்க ஆரம்பித்தபின் ஒருநாள் அவரையும் கைபிடித்து எங்களோடு உட்காரவைத்தேன். வேண்டாம், அப்புறம் தின்கிறேன் என்று கூச்சப்பட்டார். நான் மூன்றாவது வாயை மென்றுகொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் தட்டு காலியாக இருந்தது. எழுந்து போகவும் முடியாமல், என்ன செய்வது என்றும் தெரியாமல், விரலால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மெதுவாச் சாப்பிடுங்க அத்தை, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். "எனக்கு மெதுவாத் திங்க வராதும்மா" என்றார். "யாரும் பழக்கலியே."

அந்த வயதில் அவருக்கு அறுவை எதுவும் தேவையில்லை. அந்த அரை மணி நேரம் மட்டும் அவருக்கும் தேவை.

மருத்துவர்களுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை சின்னது. அந்தத் தாளில் ஒரு பக்கம் கூட்டுங்கள். வீட்டில் சமைப்பது யார், இவர் சாப்பிடும் அரை மணி நேரம் அடுப்பைப் பார்ப்பது யார் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். அறுவைக்கு முன்னால் கணவரிடம் கையெழுத்து வாங்கத் தெரிகிறது உங்களுக்கு; பின்னால் அவரிடம் வேலை வாங்கவும் தெரிய வேண்டும்.

என் மாணவிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒருநாள் உங்கள் அம்மா எத்தனை நிமிடம் சாப்பிடுகிறார், உட்கார்ந்தா, நின்றா, யாரோடு என்று பார்த்து எழுதி வாருங்கள் என்றேன். பலர் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று எழுதினார்கள். ஒருத்தி வெற்றுத் தாளோடு வந்தாள். "எங்கம்மா சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல மேடம். நேத்துப் பார்க்கலாம்னு முழிச்சிருந்தேன். தூங்கிட்டேன்" என்றாள்.

இதைப் படிக்கிற நீங்களும் இன்றிரவு முழித்திருங்கள். அம்மா கடைசியாகத் தட்டை எடுக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். நாளைக் காலையில் கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி இருந்தால் அவன் கையில் கொடுங்கள்.